ஒன்பதாவது வளைவு

கடிதம் வண்டியின் பெர்மிட் உறைக்குள் இருக்கிறது,
இன்சூரன்ஸ் தாளுக்கும் புகைச் சான்றுக்கும் நடுவில்.
குன்னூர் டாக்டர் எழுதியது.
கோயம்புத்தூரில் தூக்கத்துக்கென்றே ஒருவர் இருக்கிறாராம்,
பார்த்துவிட்டு வரச் சொன்னார்.
அது ஆடியில். இப்போது ஐப்பசி மழை.

தூக்கத்துக்கு ஒரு டாக்டர்.
கேத்தியில் இதைச் சொன்னால்
கேரட் கழுவுகிற இடத்தில் சிரிப்பார்கள்.
தூக்கம் வராதவன் போவான் டாக்டரிடம்.
எனக்குத் தலை சாய்த்தால் போதும்,
மூட்டை மேல், டீக்கடை பெஞ்சில்,
பூசைப் பிரசங்கத்தில்,
ரேஷன் வரிசையில் நின்றபடியேகூட.

என் குறட்டைக்கு ஊரில் பேர் உண்டு.
"லோடு வண்டி செகண்ட் கியர்ல ஏறுது" என்பான் மச்சான்.
ஏறட்டுமே, யாருக்கு என்ன?
அது நிற்கும்போதுதான் என்கிறாள் பிலோமி.

போன மாதம் போனில் பிடித்து வைத்திருந்தாள்.
அடுப்படியில் நின்று போட்டுக் காட்டினாள்.
முதலில் நான்: தகரத்தைத் தரையில் இழுப்பதுபோல.
பிறகு ஒன்றுமில்லை.
ஓட்டில் மழை. எதிர்வீட்டு நாய்.
அந்த ஒன்றுமில்லாததில் மெல்ல அவள் குரல்,
பதினொண்ணு, பன்னெண்டு, பதிமூணு,
மண்டியில் மூட்டை எண்ணுகிறவள் மாதிரி.
இருபத்தாறில்
தண்ணீருக்குள்ளிருந்து யாரோ தலை தூக்கியதுபோல
நான்.

எத்தனை வருஷமாக எண்ணுகிறாய் என்று கேட்கவில்லை.
ஜெசிந்தா வயிற்றில் இருந்தபோதிருந்து என்றாள், கேட்காமலே.
ஜெசிந்தா இப்போது பிளஸ் ஒன்.

போகலாம்தான்.
போனால் ஒரு ராத்திரி அங்கே படுக்கணும்,
தலையிலும் மாரிலும் ஒயர் ஒட்டி.
பிறகு ஒரு மெஷின், மூக்குக்கு ஒரு மூடி,
ஆயுசுக்கும் என்றார்கள்.
விலை கேட்டுவிட்டு இரண்டு டயருக்குக் கணக்குப் போட்டேன்.
காற்றடித்தால் போய்விடுகிற கரண்டை நினைத்தேன்.
பொய். நினைத்தது இதையெல்லாம் இல்லை.
பெள்ளிராஜ் அண்ணன் காதுக்கு இது போனால்
சாவிக்குக் கை நீட்டுவார்.
திட்டமாட்டார்.
"உடம்பப் பாத்துக்கப்பா" என்பார்,
சாவி அடுத்தவன் கையில் இருக்கும்.
லைசென்ஸ் புதுப்பிக்கும்போது
இதையும் எழுதணுமா, யாரிடம் கேட்பது?
கேட்டாலே எழுதின மாதிரிதானே.

செவ்வாய் ராத்திரி
எழுபது மூட்டை கேரட், பத்து மூட்டை பீட்ரூட்,
மேட்டுப்பாளையத்துக்கு இறங்குகிறேன்.
பத்தாவது கொண்டை ஊசி ஞாபகம் இருக்கிறது:
ஏறிவந்த பஸ்ஸுக்கு வழி விட்டேன்,
டிரைவர் கை தூக்கினார்.
அடுத்து என் விளக்கில் வந்த பலகை
எட்டு.

ஒன்பதைத் திருப்பியது யார்?
கை ஸ்டியரிங்கில்தான் இருந்தது. கியர் சரி.
கிளீனர் மாதனைப் பார்த்தேன், வாய் திறந்து தூங்குகிறான்,
இருபது வயசுத் தூக்கம், சீரான மூச்சு.
பின்னால் ஒரு மூட்டைகூடச் சரியவில்லை.
எட்டைத் திருப்பினேன், வாய்விட்டுச் சொல்லி.
பிறகு ஏழு. ஆறு.
அவள் எண்ணுகிற அதே மெல்லிய குரல்
எனக்கும் வந்தது.

பர்லியாறில் ஓரம் கட்டினேன்.
பழக்கடைகள் படுதா மூடிக் கிடந்தன.
விடியும்வரை சீட்டில் நிமிர்ந்தே உட்கார்ந்திருந்தேன்.
மண்டிக்காரர் நாலு முறை கூப்பிட்டார்,
விலை போச்சு என்று கத்தினார்.
பஞ்சர் என்றேன்.

இறக்கி முடித்து, ஒன்பது மணிக்கு மேல்,
கடிதத்திலிருந்த நம்பரை அடித்தேன்.
ஒரு பெண் எடுத்தாள். வயசு, எடை, பிரஷர்.
என்ன வேலை சார் என்றாள்.
கொஞ்ச நேரம் என்னிடம் சத்தமே இல்லை.
அவள் எண்ணியிருந்தால் எட்டோ ஒன்பதோ.
"டிரைவர்."
தட்டிக்கொள்கிற சத்தம் கேட்டது.
"கூடப் படுக்கிறவங்க இருந்தா கூட்டிட்டு வாங்க சார்.
உங்களுக்குத் தெரியாது, அவங்களுக்குத்தான் தெரியும்."

வியாழக்கிழமை, பதினொன்றரை.
பெள்ளிராஜ் அண்ணனிடம் என்ன சொல்வதென்று
இன்னும் வரவில்லை.
பிலோமியிடம் சொன்னேன்.
கேரட் நறுக்கிக்கொண்டே
"பஸ்ஸுல போலாம்" என்றாள்,
"யாராவது ஓட்டட்டும்."